மச்சான் வட்டி

வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பது, கையெழுத்து மாறினால் என்ன செய்வது, கோபப்படுகிற வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரிப்பது. ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். எதிரே வந்து உட்காரும் புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே குடும்பம் என்று நம்பிவிடாதீர்கள். பணம் என்று வந்துவிட்டால் அவர்கள் இரண்டு வாடிக்கையாளர்கள். நடுவில் ஒரு சோற்றுப்பானை இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறும்வரை என்னைப் பெரம்பலூரிலும் அரியலூரிலுமாகவே மாற்றி மாற்றிப் போட்டார்கள். சொந்த ஊர்ப் பக்கமே இருக்கிறாயே, கொடுத்துவைத்தவள் என்று தோழிகள் பெருமூச்சு விடுவார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் கடன் கேட்டு வந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பதற்கு அப்படி ஒரு பெயர் போலிருக்கிறது.

நான் சேர்ந்தபோது இருந்த மேலாளர் அதிகம் பேசாதவர். முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "ரகசியம்னா பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லாம இருக்கறது இல்லம்மா. பக்கத்துத் தலகாணிக்குச் சொல்லாம இருக்கறது." எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அதனால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அர்த்தம் புரிய நாளாயிற்று.

லெப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்துக் கிளையில் நான் இருந்தபோது ஜைனப் அக்கா என்று ஒரு வாடிக்கையாளர். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். சம்பளம் முழுக்க அக்காவின் கணக்குக்குத்தான் வரும். வீடு கட்டியது, தங்கையைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்காவின் கையெழுத்தில் நடந்தவை. விடுமுறையில் வரும்போது அந்த மனிதர் அக்காவுக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்றுகொண்டு, "செலவுக்கு ஏதாச்சும் எடும்மா" என்று மெல்லக் கேட்பார். சம்பாதிப்பவர் நீங்கள், இப்படிக் கை நீட்டுகிறீர்களே என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"அங்க மொதலாளிகிட்ட கேக்கணும், இங்க இவங்ககிட்ட கேக்கணும் மேடம்" என்றார். "மொதலாளி பரவால்ல. எதுக்குன்னு கேக்க மாட்டான்."

அந்த அக்காவுக்குத் தனியாக ஒரு டெபாசிட்டும் இருந்தது. வீட்டு வேலை பாதியில் நின்று, கூரை போடப் பணமில்லாமல் கணவர் திண்டாடிய சமயத்தில்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், அதை எடுக்கலாமே என்றேன். அவர் பதறிவிட்டார். "அது மஹர் காசு மேடம். நிக்காஹ்ல நாலு பேர் அறிய நான் அவங்களுக்குன்னு குடுத்தது. அதுல கை வைக்க எனக்கு ஹக்கு கெடையாது." அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டா குடுத்துடுவேன் மேடம். கேக்க மாட்டாங்க" என்றார். அப்படிச் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த பெருமை எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்படிச் சபையில் சொல்லிக் கொடுக்கிற பழக்கம் ஏது? நகை போடுவார்கள். அதை அடுத்த வருஷமே அடகு வைப்பார்கள். அதனால் எங்கள் பெண்கள் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதற்குச் சிறுவாடு என்று பெயர். பால் காசு, முட்டைக் காசு, எரு விற்ற காசு, மளிகையில் மிச்சம் பிடித்தது, இப்போது அரசாங்கம் போடுகிற உரிமைத் தொகை. எல்லாம் சேர்ந்து அரிசிப் பானையில் தொடங்கி எங்கள் வங்கியில் வந்து முடியும். சிறுவாட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. அது இருக்கிறது என்று புருஷனுக்குத் தெரியும். எவ்வளவு, எங்கே என்று அவன் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் ஆம்பளை இல்லை. என் வீட்டில் எப்படி என்று கேட்காதீர்கள். இதை என் வீட்டுக்காரரும் படிப்பார்.

இனி நான் சொல்ல வந்த கதை. அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கிளையில் நான் மேலாளர். சென்னையிலிருந்து அருண் என்று ஒரு உதவி மேலாளர் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, தங்கமான குணம். புதிதாகக் கல்யாணமானவர். மனைவி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு பேரும் செலவுகளைப் பங்கு போட போனில் ஒரு செயலி வைத்திருந்தார்கள். இவர் இங்கே கேஸ் சிலிண்டர் வாங்கினால் பாதி அங்கே அவள் கணக்கில் ஏறிவிடும். அவள் பூ வாங்கினால்கூடப் பாதி இவருக்கு.

"எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாது மேடம்" என்றார் பெருமையாக.

"கல்யாணமாகி எத்தனை மாசம் ஆச்சு?"

"எட்டு மேடம்."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு திங்கட்கிழமை. கிளையில் நிற்க இடமில்லை. கீழப்பழுவூர் கலியமூர்த்தி வந்து அருண் எதிரில் உட்கார்ந்தார். கரும்பு போட்டிருந்தார். போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. இன்னும் ஆழம் இறக்கி வேறு மோட்டார் மாட்டக் கடன் வேண்டும். பின்னாலேயே அவருடைய பங்காளி செல்வராசு, சித்தப்பா மகன், ஏதோ தன் வேலையாக வந்தவர், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அருண் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார். அதே வீட்டு விலாசத்தில் இன்னொரு கணக்கும் வந்து நின்றது. பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். ஒரு விவசாயியை வட்டியிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்.

"சார், உங்களுக்கு எதுக்கு லோன்? உங்க ஒய்ஃப் மலர்க்கொடி பேர்ல பெரிய டெபாசிட்டே இருக்கே! அதை எடுத்தா போர் போட்டு மோட்டாரும் வாங்கலாம். மிச்சமே இருக்கும்!"

கூட்டத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் சத்தமாகவே சொன்னார். என் அறைவரை கேட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

கலியமூர்த்தி கத்தவில்லை. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நேராக என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பெண்டாட்டியை வெட்டப் போகிறேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மேடம், அந்தத் தம்பி இப்புடி ஒடைச்சுப்புட்டாரே!" என்றார்.

"எதைங்க?"

"எனக்குத் தெரியாதுங்கறதைத்தான்!"

எனக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். வருஷக்கணக்காக அவருக்கு ஏதாவது அவசரம் என்றால் மலர்க்கொடி, "திருப்பூர்ல என் தம்பிகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்பாள். மறுநாள் பணம் வந்துவிடும், வட்டிக்குத்தான். வட்டியை மாதாமாதம் இவர் அவளிடம் கொடுப்பார். அவள் தம்பிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்வாள். கடன் கொடுக்கிற மச்சான் ஆயிற்றே என்று அவன் ஊருக்கு வந்தால் கோழி அடித்து, கட்டிலில் புதுப்போர்வை விரித்து ராஜ மரியாதை செய்திருக்கிறார்.

"போன வருசம் காதுகுத்துக்கு வந்தான் மேடம். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போயி, மச்சான், பனியன் கம்பெனியில வேலை சரியில்ல, கொஞ்சம் பணம் வேணும்னு எங்கிட்ட கேக்கறான். எனக்கு வட்டிக்குக் குடுக்கறவன் எங்கிட்டயே கடன் கேக்கறான்!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வூட்டுல போயி பணம் வேணும்னேன். தம்பிகிட்ட கேட்டுப் பாக்கறேன்னா. தம்பி கட்டில்ல படுத்துக் கெடக்கான்! மக்யா நாளு விடிஞ்சதும் பணம் குடுத்தா. அதைக் கொண்டுபோயி அந்தத் தம்பிகிட்டயே குடுத்தேன்."

நான் சிரிப்பை அடக்க மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினேன்.

"சிரிக்காதீங்க மேடம். எங்கையில காசு தங்காது. அது எனக்கே தெரியும். வட்டின்னு அவகிட்ட குடுத்தாத்தான் ஏதோ சேருது. இது பெரிய செலவு, அவளுக்குத் தாங்குமோ தாங்காதோன்னுதான் பாங்குக்கு வந்தேன். இப்ப உங்க பாங்குத் தம்பி ஊருக்கே சொல்லிப்புட்டாரு. தெரிஞ்சும் கேக்கலன்னா நான் கேனையன். கேட்டேன்னா அவ குடுத்துடுவா, அதோட எல்லாம் போச்சு. பத்தாததுக்குச் செல்வராசு வேற காதத் தீட்டிக்கிட்டு நின்னான். நாளைக்கே கைமாத்துக்கு வந்து நிப்பான். நீங்க எப்புடியாச்சும் எனக்குத் தெரியாமப் பண்ணிடுங்க!"

இத்தனை வருஷத்தில் கணக்கைத் திறக்கச் சொல்லி வந்திருக்கிறார்கள், மூடச் சொல்லி வந்திருக்கிறார்கள். தெரிந்ததைத் தெரியாமலாக்கச் சொல்லி வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரை எதிரே இருந்த டீக்கடைக்கு அனுப்பி உட்காரச் சொன்னேன். இரண்டாவது டீ வந்திருக்குமோ என்னவோ, அதற்குள் மலர்க்கொடி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். செல்வராசு சும்மா இருப்பாரா? போன் போட்டுவிட்டார். வயலில் இருந்து அப்படியே வந்திருந்தாள். கால் விரல்களுக்கிடையில் புழுதி அப்பியிருந்தது.

முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பக்கம் பெரிய தப்பு, நீங்கள் புகார் கொடுக்கலாம், எப்படி எழுதுவது என்று நானே சொல்லித் தருகிறேன் என்றேன். அதையெல்லாம் அவள் காதிலேயே வாங்கவில்லை.

"எடுத்துக் குடுத்துடுங்க மேடம். இன்னிக்கே. எங்க அத்தை மவன் ஒரு பைனான்ஸ்ல ஏஜெண்டா இருக்கான். அதுல போட்டுடறேன். அங்க வெலாசமெல்லாம் கேக்க மாட்டாங்களாம்."

விலாசம் கேட்காமல் பணம் வாங்குகிறவன் நாளைக்குத் தன் விலாசத்தையும் சொல்ல மாட்டான். "எதுக்கு இவ்வளவு அவசரம்? அவர் உங்ககிட்ட கேட்டாரா?" என்றேன்.

"கேக்கல. இனிமே கேப்பாரு. கரும்பு காயுதுல்ல?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது மேடம். வூடு மாமனார் பேர்ல. நெலம் அவரு பேர்ல. எம்பேர்ல ரேசன் கார்டு ஒண்ணுதான் இருக்கு. அரியலூர்ல கால் வைக்க ஒரு சின்ன மனையாச்சும் எம்பேர்ல வாங்கணும்னுதான் சேக்கறேன். அவருக்குத் தெரியாத வரைக்குந்தான் மேடம் அது எம்பணம்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும், கவலைப்படாதே என்று சொன்னால் அவள் நிம்மதியாகி விடுவாள் என்று தோன்றும். மாட்டாள். தம்பி கதை பொய் என்று தெரிந்தும் புருஷன் வட்டி கட்டினான் என்றால், அதற்கப்புறம் எந்த முகத்தோடு அவள் வட்டி வாங்குவாள்? அதுவும் போக, அவர் என்னிடம் சொன்னதும் ஒரு வாடிக்கையாளரின் ரகசியம்தான். சரி, டெபாசிட்டே இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிடலாமா? கடன் கொடுக்கத்தான் எனக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். பொய் சொல்லக் கொடுக்கவில்லை. அவள் கேட்டபடி பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் விதிப்படி சரி. ஆனால் அந்த மனை என்றைக்கும் அவளுக்குக் கிடைக்காது.

அவளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு அருணைக் கூப்பிட்டேன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மேடம், ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு, உண்மையைப் பேசி, நானே சாரி சொல்லிடறேன். ஓப்பனா பேசிட்டா சரியாயிடும்..."

"நீங்க இனிமே வாயைத் திறந்தா, நான் கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் திறந்தா போதும்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவருக்கு அப்போது அது தேவையாக இருந்தது.

கலியமூர்த்தியை டீக்கடையிலிருந்து வரவழைத்தேன். கூடத்தில் செல்வராசும் இருந்தார், வேலை முடிந்தும் போகாமல். மலர்க்கொடி என் அறை வாசலில் நின்றாள். நான் நடுக்கூடத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"அருண், கீழப்பழுவூர்ல மலர்க்கொடிங்கற பேர்ல நம்மகிட்ட எத்தனை பேர் கணக்கு வச்சிருக்காங்க, பாருங்க."

தட்டினார். "ஏழு பேர் மேடம்."

"வீட்டுக்காரர் பேர் கலியமூர்த்தின்னு எத்தனை பேருக்கு?"

அங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் ஊர் என்னைக் கைவிடாது என்று தெரியும். அரியலூர் பக்கம் ஒரு தெருவில் கல்லை எறிந்தால் ஒரு கலியமூர்த்தி மேல்தான் விழும்.

"ரெண்டு பேருக்கு மேடம்."

"அதுக்குத்தான் சொல்றது! யார் கணக்குல என்ன இருக்குன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரே பேர்ல இத்தனை பேர் இருக்காங்க. இதனால எவ்வளவு குழப்பம் பாத்தீங்களா? எல்லார் முன்னாடியும் ஐயாகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. தேடிப் பாருங்கள். கேட்டவர்கள் தாங்களாக என்ன நினைத்துக்கொண்டார்களோ, அதற்கு வங்கி பொறுப்பல்ல.

அருண் மன்னிப்புக் கேட்டார். கலியமூர்த்தி பிடித்துக்கொண்டாரே பார்க்க வேண்டும்! "அதான பாத்தேன்! எங்க வூட்டுலயாவது, பணமாவது! அவகிட்ட காசு இருந்தா நான் எதுக்கு மேடம் பாங்குக்கு வரேன்? ஏன்டா செல்வராசு, கேட்டுக்கிட்டியா?" என்று கூடமே அதிரச் சிரித்தார். செல்வராசு முகம் சுருங்கிப் போய் வெளியே நடந்தார்.

மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கத்தில் போய், தரையைப் பார்த்தபடி, "கரும்பு காயுதே. வேணும்னா தம்பிகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

"கேளு, கேளு. வட்டியைக் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லு."

"அவன் கொறைக்க மாட்டான்."

அவர் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை கதவு திறந்ததும் முதல் ஆளாக மலர்க்கொடி வந்தாள். டெபாசிட்டைக் கலைக்காமலேயே அதன் மேல் கடன் வாங்கலாம் என்று விளக்கினேன். வட்டி எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அவள் மனதுக்குள் தம்பி வட்டியிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தது எனக்கே தெரிந்தது. எங்களிடம் குறைந்த வட்டிக்கு வாங்கி, வீட்டில் கூடுதல் வட்டிக்குக் கொடுத்து, நடுவில் வருவதை மனைக்குச் சேர்த்துக்கொண்டாள். நாம் வங்கி நடத்துவதும் அப்படித்தானே? நமக்குக் குளிர்சாதன அறை, அவளுக்கு அடுப்படி. என்ன இருந்தாலும் அவள் வாராக்கடன் விகிதத்தை நாம் எட்ட முடியாது.

ஒரு சேதாரமும் ஆகாமலில்லை. அன்று சாயங்காலமே இன்னொரு கலியமூர்த்தி, மேலத்தெருக்காரர், மூச்சிரைக்க வந்து நின்றார். "மேடம், எங்க வூட்டுக்காரி பேர்ல ஏதோ இருக்குன்னு ஊர்ல பேசிக்கறாங்களே?" நான் அருணைப் பார்த்தேன்.

அருண் எழுந்து நின்று கைகூப்பினார். "ஐயா, என் பெண்டாட்டி கணக்குல என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க" என்றார். அந்த வாரம்தான் அந்தச் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பூ வாங்கியதில் பாதிப் பங்கு கேட்டது வம்பாகிவிட்டதாம்.

போரில் தண்ணீர் வந்தது. கரும்பு வெட்டி ஆலைக்குப் போனது. கலியமூர்த்தி ஒருநாள் தன் பெயரில் ஒரு சின்ன டெபாசிட் போட வந்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. என் அறையிலேயே உட்கார வைத்தேன். நம்மிடம் வட்டி குறைவுதானே, இன்னும் மச்சானிடமே வாங்குகிறீர்களா என்று சும்மா கேட்டேன்.

"பாங்கு வட்டி பாங்குக்குப் போவும் மேடம். மச்சான் வட்டி வூட்டுக்குள்ளதான சுத்துது. அப்புறம், தவணை தவறுனா நீங்க நோட்டீஸ் விடுவீங்க. அங்க நோட்டீஸ் கெடையாது. கொழம்புல உப்பு இருக்காது, அவ்வளவுதான்."

அருண் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். "நாமினி யார் பேரைப் போடட்டும் சார்?"

"அப்புடின்னா?"

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இந்தப் பணம் யார்கிட்ட போகணும்னு எழுதி வைக்கறது."

"மலர்க்கொடின்னு போடுங்க தம்பி" என்றவர், சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "மேடம், டெபாசிட்டு போடற எல்லாருகிட்டயும் இதைக் கேப்பீங்களா? பொம்பளைங்ககிட்ட கூடவா?"

"எல்லார்கிட்டயும்தாங்க."

"பொதுவா அவங்க யாரு பேரைப் போடுவாங்க?"

அருண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யாருடைய கணக்கைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. பொதுவாகத்தான் கேட்டார்.

"பெரும்பாலும் வீட்டுக்காரர் பேரைத்தாங்க" என்றேன்.

அவர் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"அது எனக்கு வரவே வேணாம் மேடம்" என்றார். "அவ நல்லா இருக்கட்டும். நான் வட்டியே கட்டிக்கிட்டுப் போறேன்."